புது டிசைன் ஏழு சீட்டர்: பழைய வேனைக் கொடுத்துவிட்டு மாறலாமா? (ஒரு கார் ஃபோரத்தில் நடுசீட் என்பவர் கேட்ட கேள்வியும் மற்றவர்களின் பதில்களும்)

நடுசீட்:

இப்போது இருப்பது லேடர் சேஸ் (தனி இரும்புச் சட்டத்தின்மேல் பாடி), டீசல், மேனுவல் கியர், பின்சக்கர இழுவை. அதே பெயரில் வந்திருக்கும் புது டிசைன் மோனோகாக் பாடி (சட்டமும் பாடியும் ஒன்றே), பெட்ரோல் ஹைபிரிட் (இன்ஜினோடு மின் மோட்டாரும்), முன்சக்கர இழுவை. 2022 கடைசியில் டொயோட்டா இன்னோவா ஹைக்ராஸாக மாறினபோது நடந்த அதே கதைதான். பெயர் மட்டும்தான் பழையது.

வார நாட்களில் ஒருவர் மட்டும், சின்னச் சின்ன ஓட்டம். மாதம் இரண்டு தடவை ஏழு பேர், டிக்கி நிறையச் சாமான், மேலே கேரியர், வழியில் ஒரு மலைப்பாதை. இரண்டு குழந்தை சீட் எப்போதும் மாட்டியே இருக்கும்.

மைலேஜும் டச் ஸ்கிரீனும் பிரோஷரிலேயே கிடக்கின்றன, அதை விடுங்கள். பழைய வேனில் இருந்து புதியதில் காணாமல் போவது எது? டெஸ்ட் டிரைவில் எதைக் குடைந்து பார்க்க வேண்டும்?

லோடு கணக்கு:

முதலில் எடை. ஏழு சீட் இருக்கிறது என்பதும் ஏழு பேரை ஏற்றலாம் என்பதும் ஒன்றல்ல.

டிரைவர் கதவைத் திறந்தால் பல வண்டிகளில் தூணில் ஒரு தகடோ ஸ்டிக்கரோ இருக்கும். அதில் போட்டிருக்கும் அதிகபட்ச மொத்த எடையிலிருந்து வண்டியின் காலி எடையைக் கழியுங்கள். உதாரணத்துக்கு மொத்தம் 2,300 கிலோ, காலி 1,700 என்றால் கையில் இருப்பது 600 கிலோ. ஆளுக்கு 70 வீதம் ஏழு பேர் 490. மிச்சம் 110. மேலே கேரியர் கம்பியே 15, 20 கிலோ தின்றுவிடும். ஆக, ஒரு ஆளுக்கு ஒரு சின்னப் பெட்டி, அவ்வளவுதான்.

இதில் இரண்டு கண்ணி உண்டு. ஐரோப்பியக் கணக்கில் காலி எடைக்குள்ளேயே 75 கிலோ டிரைவரைச் சேர்த்துவிடுவார்கள், மற்ற பல இடங்களில் சேர்ப்பதில்லை. எந்தக் கணக்கு என்று தெரியாமல் கழித்தால் ஒரு ஆள் கூடும் அல்லது குறையும். இன்னொன்று, டாப் வேரியன்ட். கண்ணாடிக் கூரை, மோட்டார் சீட், மோட்டார் கதவு எல்லாம் சேர்ந்து காலி எடை ஏறும், மொத்த எடை வரம்போ பெரும்பாலும் அங்கேயே நிற்கும். காசு அதிகம் கொடுத்து லோடைக் குறைத்துக்கொள்வது இதுதான். கூரையில் ஏற்றலாம் என்ற எடையையும் மேனுவலில் தேடுங்கள். கேரியரின் எடையும் அதற்குள்தான் வரும்.

வீல் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து, காலியாக ஒரு தடவை, பின் இரண்டு வரிசையிலும் ஆள் ஏறிய பிறகு ஒரு தடவை அளந்து பாருங்கள். பின்பக்கம் ரொம்ப அமுங்கினால் பள்ளத்தில் சஸ்பென்ஷன் ரப்பரில் போய் இடிக்கும், ஹெட்லைட்டும் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும்.

ஸ்பானர் 14:

ஹைபிரிட் பற்றி நாலு விஷயம்.

ஒன்று, கியர். சி.வி.டி என்றால் கியர் படிகள் இல்லாத ஆட்டோமேட்டிக். "சி.வி.டி பெல்ட் அறுந்துபோகும், ஹைபிரிட் வேண்டாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். டொயோட்டா வகை ஹைபிரிட்டில் பெல்ட்டே கிடையாது. ஒரு பிளானட்டரி கியர் செட்டும் (நடுப் பல்சக்கரத்தைச் சுற்றிச் சின்னப் பல்சக்கரங்கள்) இரண்டு மோட்டாரும்தான். பெயரில் மட்டும் இ-சி.வி.டி. அதே வண்டியின் ஹைபிரிட் அல்லாத பெட்ரோல் மாடலில் வருவதுதான் பெல்ட் சி.வி.டி. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இரண்டு, பேட்டரிக்கு மூச்சு விடும் வழி. காற்றால் குளிரும் பேட்டரி என்றால் கேபினுக்குள்ளேயே சீட்டுக்கு அடியிலோ பக்கத்திலோ ஒரு ஜாலி (காற்று போகும் துளைத் தட்டி) இருக்கும், பின்னால் ஒரு வலை ஃபில்டர். ஏழு பேர் வண்டியில் இங்கேதான் பிஸ்கட் தூள், முடி, கம்பளி நூல் எல்லாம் போய் அடையும். அடைந்தால் முதலில் ஃபேன் சத்தம் கூடும், அப்புறம் பவர் குறையும், கடைசியில் டாஷ்போர்டில் எச்சரிக்கை வரும். ஜாலியைக் கழற்றி வாக்வம் வைப்பது பத்து நிமிட வேலை. ஷோரூமில் அது எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். பையையோ போர்வையையோ அதன்மேல் போடாமல் இருக்க முடியுமா என்றும் பாருங்கள். பெரிய பேட்டரி பற்றித்தான் எல்லாரும் பயப்படுவார்கள், ஆனால் வண்டியை நிறுத்திவைப்பது பெரும்பாலும் 12 வோல்ட் சின்ன பேட்டரி. பல வாரம் ஓட்டாமல் நின்றால் சாவி கூட வேலை செய்யாமல் போகலாம்.

மூன்று, பிரேக். வேகம் குறைப்பதில் பெரும்பகுதியை மோட்டாரே செய்வதால் பேட் தேயாது. தேயாததே பிரச்சினை. டிஸ்க் துருப்பிடிக்கும், காலிப்பர் (பேட்டை அழுத்தும் பாகம்) சறுக்கும் பின் இறுகிப்போகும், ஒரு பக்க பேட் மட்டும் சாய்வாகத் தேயும். வருஷத்துக்கு ஒரு தடவை பின்னைக் கழற்றித் துடைத்து, பிரேக்குக்கு என்றே வரும் கிரீஸ் தடவச் சொல்லுங்கள். "பேட் 80 சதவீதம் இருக்கிறது சார்" என்று சொல்லித் திருப்பி அனுப்புவார்கள், விடாதீர்கள்.

நான்கு, மலை. 2,200 கிலோ வண்டி 1,000 மீட்டர் இறங்கினால் வெளிப்படும் சக்தி சுமார் 6 மின்சார யூனிட். 2021 மாடலிலிருந்து வரும் டொயோட்டா சியென்னா வேனின் பேட்டரி மொத்தமே 1.9 யூனிட்தான், அதிலும் நடுப்பகுதியை மட்டும்தான் பயன்படுத்தும். டயரிலும் காற்றிலும் பாதி போய்விட்டாலும், மலை பாதி இறங்குவதற்குள் பேட்டரி நிரம்பிவிடும். அப்போது இன்ஜின் பெட்ரோல் இல்லாமலேயே சுற்றி வேகத்தைப் பிடிக்கும், திடீரென்று ஊளையிடுவது போல் சத்தம் வரும். அது கோளாறு இல்லை. லீவரில் பி அல்லது எஸ் என்று ஒரு நிலை இருந்தால் உச்சியிலேயே போட்டுவிடுங்கள், பிரேக் சூடான பிறகு அல்ல.

நடுசீட்:

நன்றி அண்ணே. இறங்குவது சரி, ஏறுவது? முன்சக்கர இழுவையில் முழு லோடோடு நனைந்த ஏற்றத்தில் நின்று கிளம்பினால்?

டீசல்தான்:

அங்கேதான் இடிக்கும். ஏற்றத்தில் எடை பின்னால் சாயும். ஆளும் சாமானும் ஏற்கெனவே பின்னால். முன்சக்கரம் லேசாகி வழுக்கும். பின்சக்கர இழுவையில் அதே எடை உதவி செய்யும். டிராக்ஷன் கன்ட்ரோல் சக்கரத்தைப் பிடிக்கும், ஆனால் அந்த நேரத்தில் பவரையும் வெட்டும். நல்ல டயர் இருந்தால் தார் ரோட்டில் சமாளிக்கலாம், சேற்றில் கஷ்டம்.

நீண்ட ஏற்றத்தில் இன்னொன்று: பேட்டரி கொடுத்துக் கொடுத்துக் காலியாகும். ஹைக்ராஸ் ஹைபிரிட்டில் மொத்தம் 186 பிஎஸ் பவர் என்றால், இன்ஜின் மட்டும் 152. பேட்டரி தளர்ந்த பிறகு அந்த 152-தான் இழுக்கும், அதுவும் அதிக ஆர்.பி.எம்மில் கத்திக்கொண்டு. பழைய டிசைன் இன்னோவாவான கிரிஸ்டா 2.4 டீசல் மேனுவல் 1,400 ஆர்.பி.எம்மிலேயே 343 என்.எம் டார்க் (திருப்பு விசை) தரும். ஹைக்ராஸ் வந்த பிறகும் 2023-இல் அந்த டீசலை மறுபடி விற்பனைக்கு விட்டது சும்மா இல்லை. தினமும் முழு லோடு, கெட்ட ரோடு என்றால் லேடர் சேஸை விட்டு இறங்காதீர்கள்.

ஸ்பானர் 14:

தினமும் லோடு என்றால் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேட்டவர் வாரம் ஐந்து நாள் தனியாக, சின்ன ஓட்டம் என்கிறார். புது டீசலில் டி.பி.எஃப் (புகைக் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) இருக்கும். இன்ஜின் சூடாகி ஒரே சீராகப் பதினைந்து, இருபது நிமிடம் ஓடினால்தான் அதில் சேர்ந்த கரி எரியும். மூன்று கிலோமீட்டர் ஓட்டி ஓட்டி நிறுத்தினால் அடைப்புதான், இன்ஜின் ஆயிலிலும் டீசல் கலக்கும். அவர் ஓட்டத்துக்கு ஹைபிரிட்தான் பொருந்தும்.

மூன்றாவது வரிசை:

குழந்தை சீட் பற்றி யாரும் பேசவில்லையே!

உங்கள் சீட் இரண்டையும் ஷோரூமுக்கே கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள். நடு வரிசையை மடித்துக் கவிழ்த்துத்தான் பின்னால் ஏற முடியும் என்றால், குழந்தை சீட் மாட்டிய பிறகு அந்த வழி அடைபட்டது. நடுவில் நடந்துபோக வழி விடும் கேப்டன் சீட், அல்லது கவிழாமல் முன்னே சறுக்கும் சீட் என்றால் தப்பிக்கலாம். குழந்தை சீட்டைப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி எந்தெந்த சீட்டில் என்று விரலை விட்டே பாருங்கள். குழந்தை சீட்டின் மேல் பட்டைக்கான கொக்கி கடைசி வரிசையில் பல வண்டிகளில் இருக்காது.

நடு சீட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு சரக்கு ஏற்றும் பழக்கம் இருந்தால் கவனம்: 2021 சியென்னாவிலிருந்து நடு வரிசை கழறாது, சறுக்க மட்டும்தான் செய்யும்.

கடைசி வரிசையில் பெரியவர் ஒருவரை அரை மணி நேரம் உட்கார வையுங்கள். தரை உயர்ந்து, முழங்கால் இடுப்புக்கு மேலே நின்றால் அது குழந்தைகளுக்கான வரிசை. ஏசி காற்று அங்கே எட்டுகிறதா என்று வெயிலில் நிறுத்திய வண்டியில் பார்க்க வேண்டும், நிழலில் நிற்கும் டெமோ வண்டியில் அல்ல.

பாதுகாப்பு மதிப்பெண்ணில் மொத்த நட்சத்திரத்தை மட்டும் பார்க்காதீர்கள். அமெரிக்காவில் வண்டிகளை மோதிச் சோதிக்கும் ஐ.ஐ.எச்.எஸ் அமைப்பு 2022-இல் பின் சீட்டிலும் பொம்மை வைத்து மோதும் சோதனையைக் கொண்டுவந்தது. 2023-இல் சோதித்த பசிஃபிகா, கார்னிவல், ஒடிஸி, சியென்னா என்ற நான்கு குடும்ப வேன்களில் ஒன்றுகூட அதில் நல்ல மதிப்பெண் வாங்கவில்லை. குடும்பமே பின்னால்தானே உட்காருகிறது.

லோடு கணக்கு:

விட்டுப்போனவை: சறுக்குக் கதவு என்றால் மூக்கு மேலே, மூக்கு கீழே என இரண்டு சரிவிலும் நிறுத்தித் திறந்து மூடுங்கள். கீழ் ரெயிலில் மண் சேரும். பிரஷ் போட்டு எடுத்துவிட்டு சிலிகான் ஸ்பிரே போதும். கிரீஸ் வைத்தால் மணலைப் பிடித்து ரோலரைத் தின்னும்.

18 இஞ்ச் வீலைப் பார்த்து மயங்க வேண்டாம். 225/50 டயரின் பக்கச் சுவர் 112 மில்லிமீட்டர், 205/65 R16-இல் 133. பள்ளத்தில் ரிம்மைக் காப்பாற்றுவது அந்த இரண்டு சென்டிமீட்டர்தான்.

முதல் ஆறு மாத உற்பத்தியை விட்டுவிட்டு வாங்கினால் சாஃப்ட்வேர், பிளாஸ்டிக் கிறீச் சத்தம் எல்லாம் ஓரளவு தீர்ந்திருக்கும்.

நடுசீட்:

சனிக்கிழமை டேப்பும் குழந்தை சீட்டும் எடுத்துக்கொண்டு போகிறேன். ஒரே கேள்வி, ஸ்டெப்னி கீழே தொங்குகிறது என்கிறார்கள். முழு லோடில் பஞ்சர் ஆனால் டிக்கியைக் காலி பண்ணணுமா?

ஸ்பானர் 14:

ஸ்டெப்னியைக் கீழே இறக்கும் வின்ச்சைத் திருகும் துளை எங்கே என்பதைப் பொறுத்தது. பம்பருக்கு மேலே விளிம்பில் என்றால் சாமானைத் தொட வேண்டாம். டிக்கி கார்ப்பெட்டுக்கு அடியில் என்றால் எல்லாவற்றையும் ரோட்டில் இறக்கணும். ஜாக்கும் கைப்பிடியும் எங்கே என்று சேர்த்துப் பாருங்கள், அவை பல வண்டிகளில் கடைசி சீட்டுக்குப் பின்னால் இருக்கும். ஸ்டெப்னிக்குப் பதில் பஞ்சர் கிட் கொடுத்தால், ஆணி ஓட்டைக்கு மட்டும்தான் அது, பக்கச் சுவர் கிழிந்தால் அடைக்காது. அங்கேயே ஒரு தடவை ஸ்டெப்னியை இறக்கி ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.