ரீசெட்: மீட்பதா, மீள்வதா? மைக்ரோவேவ் பழுதுக் குறிப்புகளுக்கான சொற்கள்

வணக்கம்.

மைக்ரோவேவ் பழுதுக் குறிப்பின் தமிழ் வரைவில் 'ரீசெட்' (reset) என்பதற்கு என்ன சொல் போடலாம் என்று இழையில் இதுவரை வந்த பரிந்துரைகளைச் சேர்த்துப் படித்தேன். மீட்டமை, மீளமை, மறுஅமை, மறுதொடக்கம், புதுக்கு. எதையும் குறைசொல்ல இடமில்லை. ஆனால் இந்தக் குறிப்பைப் படிக்கப்போகிறவர், மக்கர் பண்ணும் மைக்ரோவேவுக்கு முன்னால் நின்றுகொண்டுதான் படிக்கப்போகிறார். சொல்லைப் படித்ததும் அவர் கை எங்கே போகும் என்பதுதான் எனக்குக் கணக்கு. பொத்தானுக்கா, பிளக்குக்கா, இல்லை ஸ்க்ரூடிரைவருக்கா?

> கைப்பேசியிலும் கணினியிலும் 'மீட்டமை' நிலைத்துவிட்டது. அடுப்புக்கென்று தனிச்சொல் எதற்கு?

நிலைத்த சொல்லைக் கலைக்க எனக்கும் விருப்பமில்லை. ஆனால் மைக்ரோவேவ் விஷயத்தில் ரீசெட் என்ற ஒரே பெயரில் நான்கு வேலைகள் நடமாடுகின்றன. நிறுத்து பொத்தானை அழுத்தி, ஓடிக்கொண்டிருப்பதை அழிப்பது ஒன்று. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மறுபடி செருகுவது இன்னொன்று. குழந்தைப் பூட்டு, டெமோ போன்ற அமைப்புகளைப் பழையபடி கொண்டுவருவது மூன்றாவது. நான்காவதில் நமக்கு வேலையே இல்லை. சூடேறி நின்றுபோன அடுப்பு ஆறியதும் தானாகவே மறுபடி ஓடத் தயாராகிவிடும். நான்குக்கும் 'மீட்டமை' என்று எழுதிவைத்தால், படிக்கிறவர் முதலில் அந்தப் பெயரில் ஒரு பொத்தானைத் தேடுவார். பெரும்பாலான அடுப்புகளில் அப்படி ஒன்று கிடையாது.

முதலாவதற்கு 'அழி' அல்லது 'ரத்து' போதும். இதில் விவாதிக்க எதுவுமில்லை.

வீட்டில் அதிகம் உதவுவது இரண்டாவதுதான். மின்சாரம் போய்ப் போய் வந்தாலோ, மின்னழுத்தம் ஏறி இறங்கினாலோ கட்டுப்பாட்டுப் பலகையிலுள்ள சில்லு குழம்பிப்போகலாம். எண்கள் அரைகுறையாகத் தெரியும். பொத்தானை அழுத்தினால் பீப் சத்தம் மட்டும் வரும், வேறொன்றும் நடக்காது. பிளக்கைப் பிடுங்கச் சொல்வது இதற்காகத்தான். ஆனால் பலர் பிடுங்கிய கையோடு செருகிவிடுகிறார்கள். பலகையிலுள்ள சிறிய மின்தேக்கிகளில் மிச்சமிருக்கும் மின்னூட்டம் சில விநாடிகளுக்குச் சில்லை விழித்திருக்க வைத்துவிடும். குழப்பமும் கூடவே இருக்கும். அதனால் ஐந்து நிமிடமாவது விட்டுவைப்பது நல்லது. காரியம் நடந்ததா என்று அடுப்பே சொல்லும். செருகியதும் கடிகாரம் சுழியத்திலோ பன்னிரண்டிலோ கண்சிமிட்டினால் சில்லு புதிதாக எழுந்திருக்கிறது. பழைய நேரத்தையே காட்டினால் பெரும்பாலும் அது அணையவே இல்லை என்று அர்த்தம்.

ஆகவே 'மறுதொடக்கம்' எனக்குப் பாதிதான் சரி. அதில் பிடுங்குவதும் இல்லை, காத்திருப்பதும் இல்லை. நான் முன்வைக்கும் சொல் 'மின்னோய்வு'. "அடுப்புக்கு ஐந்து நிமிடம் மின்னோய்வு கொடுங்கள்." ஓய்வு என்றாலே கொஞ்ச நேரம் ஆகும் என்று யாருக்கும் தெரியும், விநாடியில் முடிவதை நாம் ஓய்வு என்று சொல்வதில்லை. பிளக் அடுப்புக்குப் பின்னால் கை எட்டாத இடத்தில் இருந்தால், அதற்கான பிரேக்கரை இறக்கிவைப்பதும் மின்னோய்வுதான். சொல் இரண்டுக்கும் பொருந்துகிறது.

மூன்றாவதற்கு 'மீட்டமை' அப்படியே இருக்கட்டும். அங்கே உண்மையிலேயே ஓர் அமைப்பு பழைய நிலைக்கு வருகிறது. பொத்தான் பலகையைத் துணியால் துடைக்கும்போது நிறுத்து பொத்தான் அழுந்தியபடியே இருந்தால் குழந்தைப் பூட்டு விழுந்துவிடும். அப்புறம் எதை அழுத்தினாலும் பதில் வராது. அடுப்பு போய்விட்டது என்று முடிவுகட்டிவிடுவார்கள். பல மாடல்களில் அதே பொத்தானை மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் பூட்டு விலகும். டெமோ நிலை இதைவிடக் குறும்பானது. விளக்கு எரியும், தட்டு சுற்றும், நேரம் குறைந்துகொண்டே வரும், கோப்பைத் தண்ணீர் மட்டும் சூடாகாது. கடையில் காட்டுவதற்காக வைத்தது வீட்டுக்கு வந்த பிறகும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த மாடலுக்குரிய பொத்தான் வரிசையைக் கையேட்டில் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

இனி நான்காவது. இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

காற்றுத் துளைகள் அடைபட்டாலோ, உள்ளே எதுவும் வைக்காமல் ஓடவிட்டாலோ மைக்ரோ அலையை உண்டாக்கும் மேக்னட்ரான் அளவுக்கு மீறிச் சூடாகும். அப்போது மின்னோட்டத்தை அறுத்துவிட வெப்பக் காப்புகள் இருக்கின்றன. அவற்றில் இரண்டு சாதி. ஒன்றில் ஈருலோகத் தகடு ஒன்று சூட்டில் வளைந்து இணைப்பைப் பிரிக்கும். ஆறியதும் பழையபடி நிமிர்ந்து சேர்த்துவிடும். மற்றது ஒரே ஒரு முறைதான். அறுந்தால் அறுந்ததுதான், புதிது போட்டாக வேண்டும். இரண்டாவது வகை அறுந்த அடுப்புக்கு எத்தனை மின்னோய்வு கொடுத்தாலும் பயனில்லை. ஆங்கிலக் குறிப்புகளில் இரண்டுக்கும் பக்கத்திலேயே ரீசெட் வருவதால், படிக்கிறவர் நாள் முழுக்கக் காத்திருப்பார்.

இங்கேதான் நம் தன்வினையும் பிறவினையும் கைகொடுக்கின்றன. 'மீட்டு' என்றால் ஒருவர் மீட்க வேண்டும். 'மீள்' என்றால் தானே மீளும். 'மீட்டமை'யை நான்காவதற்குப் போட்டால் யார் மீட்பது என்ற கேள்வி வருகிறது. 'மீள் வெப்பக் காப்பு', 'மீளா வெப்பக் காப்பு' என்று பிரித்துவிட்டால் ஓர் எழுத்தில் விஷயம் முடிந்தது. முதலாவது ஆறக் காத்திரு. இரண்டாவது ஆளைக் கூப்பிடு. இது புதுமையும் அல்ல. ஃபியூஸுக்கு நாம் 'உருகி' என்றுதானே வைத்தோம், 'உருக்கி' என்று வைக்கவில்லையே. தானே உருகுவதால் உருகி.

'மீளி' என்று ஒரே சொல்லாகச் சுருக்கலாம் என்று யாராவது எழுதுவதற்குள் சொல்லிவிடுகிறேன். பழந்தமிழில் மீளி என்றால் வீரன். அடுப்புக்குள் வீரன் வேண்டாம்.

> ட்ரபிள்ஷூட்டிங் – 'பழுதுநீக்கம்' என்றே தலைப்பில் வைத்துவிடலாம்.

இதற்கு எனக்கு உடன்பாடில்லை, கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன். மின்மாற்றி வைத்த அடுப்பில் உயர் மின்னழுத்தப் பக்கம் ஏறத்தாழ 4000 வோல்ட் வரை போகும். அந்தப் பக்கத்து மின்தேக்கி, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்னூட்டத்தைப் பிடித்து வைத்திருக்கக்கூடும். அதை வடிக்க உள்ளேயே ஒரு மின்தடை இருப்பது வழக்கம். அது கெட்டுப்போயிருந்தால் வெளியே தெரியாது. மிச்சமிருக்கும் அந்த மின்னூட்டமே ஆளைக் கொல்லப் போதுமானது. தலைப்பில் 'நீக்கம்' என்று போட்டுவிட்டு, உள்ளே 'மேல்மூடியைக் கழற்றாதீர்கள்' என்று எழுதினால் தலைப்புதான் ஜெயிக்கும். 'பழுதறிதல்' என்று வைப்போம். ஒரு கோப்பைத் தண்ணீரை ஒரு நிமிடம் வைத்துப் பார்ப்பது, காதைக் கொடுத்துக் கேட்பது, மைக்கா தகட்டைப் பார்ப்பது எல்லாம் அறிதல். உள்பக்கச் சுவரில் அட்டை மாதிரி இருக்குமே, அதுதான் அந்தத் தகடு. எண்ணெய் தெறித்து ஓரிடத்தில் கருகியிருந்தால் பொறி பறப்பது அங்கிருந்துதான். வழக்கத்தைவிடக் கனமான உறுமல் கேட்டு, தண்ணீரும் சூடாகாவிட்டால் பழுது உயர் மின்னழுத்தப் பக்கத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். அறிந்தாகிவிட்டது, நீக்குவது தொழில் தெரிந்தவர் வேலை.

கடைசியாக, கதவு. 'இன்டர்லாக்' என்பதை 'கதவுப்பூட்டு' என்று போட்டிருக்கிறது வரைவு. குழந்தைப் பூட்டோடு குழம்பும். அதோடு, அது பூட்டுவதே இல்லை. கதவின் கொக்கி உள்ளே போய் அழுத்துகிற சிறு சுவிட்சுகள் அவை, வழக்கமாக மூன்று. கதவு சரியாக மூடினால்தான் மின்சாரம் போகும். திறந்த பிறகும் முதன்மைச் சுவிட்சு ஒட்டிக்கொண்டு விலகாமல் இருந்தால், கண்காணிப்புச் சுவிட்சு வேண்டுமென்றே குறுக்குச்சுற்று உண்டாக்கி உருகியை அறுத்துவிடும். கதவைத் திறக்கும்போதெல்லாம் உருகி போகிறது என்றால் சந்தேகம் இங்கேதான். 'கதவுக் காப்பு விசை' என்று வைக்கலாமா?

---

வணக்கம் ஐயா.

மின்னோய்வு பிடித்திருக்கிறது. என் வாக்கு அதற்கே.

'விசை'யில்தான் தயக்கம். இயற்பியலில் விசை வேறு, விசைப்பலகையில் விசை வேறு. 'கதவுக் காப்பு விசை' என்று படித்தால் கதவை அழுத்திச் சாத்தும் விசை என்று ஒருவர் நினைக்கலாம். ஏற்கெனவே சரியாக மூடாத கதவை ஓங்கி அறைவது வழக்கம். கொக்கி உடைவது அதனால்தான். இலங்கைப் பாடநூல்களில் சுவிட்சுக்கு 'ஆளி' என்ற சொல் இருக்கிறது. 'கதவு ஆளி' என்று இரண்டே சொல்லில் முடிக்கலாம்.

இன்னொன்று. பாதித் திறனில் வைத்தால் மின்மாற்றி அடுப்பில் மேக்னட்ரான் சில விநாடி ஓடும், சில விநாடி நிற்கும். சத்தம் கூடிக் குறையும். அதையும் பழுது என்று நினைத்துப் பிளக்கைப் பிடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கனமான மின்மாற்றிக்குப் பதில் மின்னணுச் சுற்று வைத்த இன்வெர்ட்டர் அடுப்பில் இப்படி விட்டுவிட்டு ஓடாமல், ஓட்டமே குறைந்த திறனில் தொடர்ந்து நடக்கும். இதற்கும் ஒரு சொல் வேண்டும். 'விட்டோட்டம்' எப்படி?

---

நண்பருக்கு,

ஆளி நல்ல சொல், ஆனால் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு ஆளி என்றால் கோயில் தூணில் இருக்கும் சிங்கம். 'கதவுச் சுவிட்சு' என்றே விட்டுவிடுவோமா? சுவிட்சு தெரியாதவர் யாருமில்லை. கலைச்சொல் கண்டுபிடித்தே தீர வேண்டிய இடம் இதுவல்ல என்று தோன்றுகிறது.

விட்டோட்டம் அருமை. முதலில் படிக்கும்போது 'விட்டு ஓடினான்' போலத் தெரிந்தது. குறிப்பில் "சத்தம் விட்டுவிட்டு வருவது விட்டோட்டம், பழுதல்ல" என்று ஒரு வரி சேர்த்தால் தெளிவாகிவிடும். சேர்த்துவிடுகிறேன்.

வரைவில் இப்போது இப்படி மாற்றியிருக்கிறேன்: "அடுப்பு நடுவில் நின்றுவிட்டால் காற்றுத் துளைகளில் அடைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அரை மணி நேரம் ஆறவிடுங்கள். மீள் காப்பு விழுந்திருந்தால் அடுப்பு மறுபடி ஓடும். ஓடாவிட்டால் ஐந்து நிமிடம் மின்னோய்வு கொடுத்து, கடிகாரம் அழிந்ததா என்று பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் மீளாக் காப்போ உருகியோ போயிருக்கலாம். மூடியைத் திறக்க வேண்டாம். பழுது பார்ப்பவரை அழையுங்கள்."

டெமோ நிலைக்கு 'விளக்க நிலை' என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். விளக்கு எரியும் நிலை என்று படித்துவிடுவார்கள். 'காட்சி நிலை' என்று போட்டிருக்கிறேன், யாருக்காவது வேறு யோசனை இருந்தால் சொல்லுங்கள்.