எஃப்5-இல் ஓடுகிறது, விஎஸ்ஐஎக்ஸ் ஆக்கி நிறுவினால் "கமாண்ட் நாட் ஃபவுண்ட்"

வளைகோடு:
வணக்கம். விஎஸ் கோட் எடிட்டருக்கு முதன்முதலாக ஓர் எக்ஸ்டென்ஷன் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) எழுதியிருக்கிறேன். யாமில் கோப்பில் (அமைப்புகளை 'கீ: மதிப்பு' என்று எழுதும் வடிவம்) ஒரே கீ இரண்டு முறை வந்திருந்தால் அடிக்கோடிட்டுக் காட்டும், அவ்வளவுதான். எஃப்5 அழுத்தினால் திறக்கும் சோதனை விண்டோவில் பிசகில்லாமல் ஓடுகிறது. பொதி கட்டும் கருவியான விஎஸ்சிஇ-இல் பேக்கேஜ் கொடுத்து, வந்த விஎஸ்ஐஎக்ஸ் நிறுவல் கோப்பை அதே கணினியில் நிறுவினால் கமாண்ட் பேலட்டில் (கட்டளைப் பட்டியலில்) பெயர் வருகிறது. தேர்ந்தெடுத்தால் மூலையில் "கமாண்ட் நாட் ஃபவுண்ட்". நிரலில் ஒரு வரிகூட மாற்றவில்லை. இரண்டு நாளாக இதிலேயே கிடக்கிறேன்.

அரைப்புள்ளி:
எக்ஸ்டென்ஷனின் விவரக் கோப்பான பேக்கேஜ்.ஜேசனில் ஆக்டிவேஷன் ஈவன்ட்ஸ் (எக்ஸ்டென்ஷன் எப்போது விழிக்க வேண்டும் என்பது) எழுதினீர்களா? எனக்கு ஒருமுறை அதனால்தான் இப்படி ஆனது.

மடிப்புக்குறி:
அது பழைய கதை. விஎஸ் கோட் 1.74 பதிப்பிலிருந்து, அதே கோப்பின் கான்ட்ரிபியூட்ஸ் பகுதியில் அறிவித்த கமாண்டுக்கு அது தானாகவே வந்துவிடும். தவிர, எஃப்5-இலும் அதே பேக்கேஜ்.ஜேசன்தானே?

பேலட்டில் பெயர் தெரிவதை நம்பாதீர்கள். அது ஜேசனிலிருந்து நேராக எடுத்துக் காட்டப்படுவது. உங்கள் நிரல் ஓட வேண்டிய அவசியமே இல்லை. கமாண்டுக்கு உயிர் வருவது ஆக்டிவேட் ஃபங்ஷனுக்குள் ரிஜிஸ்டர் கமாண்ட் வரி ஓடிய பிறகுதான். அதற்கு முன்பே ஏதோ விழுந்திருக்கிறது. ஹெல்ப் மெனுவில் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து, கன்சோலில் முதல் சிவப்பு வரியைப் போடுங்கள்.

வளைகோடு:
"கேனாட் ஃபைன்ட் மாட்யூல் யாமில்" என்று இருக்கிறது. ஆனால் நோட் மாட்யூல்ஸுக்குள் (நிறுவிய லைப்ரரிகள் இருக்கும் ஃபோல்டர்) யாமில் லைப்ரரி இருக்கிறதே! இப்போதுதான் திறந்து பார்த்தேன்.

மடிப்புக்குறி:
உங்கள் ப்ராஜெக்ட் ஃபோல்டரில் இருக்கிறது. எஃப்5 அந்த ஃபோல்டரிலிருந்தே ஓட்டுகிறது, அதனால் கிடைத்துவிடுகிறது. நிறுவியதோ வேறு பிரதி. விஎஸ்ஐஎக்ஸ் என்பது வெறும் ஜிப்தான். பெயரை மாற்றித் திறந்து பாருங்கள். யாமிலை டெவ் டிபென்டென்சீஸில் (உருவாக்கும்போது மட்டும் தேவைப்படுபவை) போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதில் இருப்பதை விஎஸ்சிஇ பொதிக்குள் சேர்க்காது.

வளைகோடு:
அதேதான், எல்லாவற்றையும் சேவ்-டெவ் போட்டே நிறுவியிருந்தேன். டிபென்டென்சீஸுக்கு மாற்றி மறுபடி பேக்கேஜ் செய்தேன். இன்னும் அதே பிழை. ஜிப்பைத் திறந்தால் நோட் மாட்யூல்ஸ் என்ற ஃபோல்டரே இல்லை.

அரைப்புள்ளி:
.விஎஸ்கோட்இக்னோர் கோப்பில் (பொதியில் சேர்க்க வேண்டாதவற்றின் பட்டியல்) என்ன இருக்கிறது? என் முதல் யோசனை தப்பாகிவிட்டது, இதாவது சரியாக இருக்கட்டும் :)

வளைகோடு:
அடடா. மூன்றாவது வரியிலேயே நோட் மாட்யூல்ஸ் இருக்கிறது. வேறொரு ப்ராஜெக்டிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டிய கோப்பு.

மடிப்புக்குறி:
அந்த ப்ராஜெக்டில் எஸ்பில்ட் என்ற கருவியை வைத்து எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கட்டியிருப்பார்கள். அப்படிச் செய்தால் நோட் மாட்யூல்ஸ் தேவைப்படாது, விலக்குவதுதான் முறை. நீங்கள் கட்டாமல் விலக்கிவிட்டீர்கள்.

இப்போதைக்கு அந்த வரியை எடுத்தால் போதும். ஆனால் நானாக இருந்தால் வரியை அப்படியே இருக்கவிட்டு எஸ்பில்டுக்கு மாறுவேன். நூற்றுக்கணக்கான குட்டிக் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு திரிவதைவிட ஒரே கோப்பு வேகமாக ஏறும். இரண்டு விஷயம் மறக்காதீர்கள். 'விஎஸ்கோட்' மாட்யூலை எக்ஸ்டெர்னல் (ஒரே கோப்புக்குள் சேர்க்க வேண்டாதது) என்று குறிக்க வேண்டும். அது வட்டில் இருக்கும் பொருள் அல்ல, ஓடும்போது எடிட்டரே கொடுப்பது. அப்புறம், பேக்கேஜ்.ஜேசனின் மெயின் வரி புதிய கோப்பைச் சுட்ட வேண்டும். பேக்கேஜ் செய்யும் முன் விஎஸ்சிஇ எல்எஸ் கொடுத்தால் உள்ளே போகும் கோப்புகளின் பட்டியலே வந்துவிடும்.

வளைகோடு:
எஸ்பில்டுக்கே மாறிவிட்டேன். நீங்கள் எச்சரித்தும் மெயினில் பழைய 'அவுட்' ஃபோல்டரை அப்படியே விட்டுவிட்டு இன்னும் அரை மணி நேரம் முழித்தேன், எல்எஸ் பட்டியலைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. இப்போது நிறுவிய பிரதியும் அடிக்கோடு போடுகிறது. அது காட்டிய முதல் இரட்டைக் கீ, என்னுடைய கான்ஃபிக் கோப்பிலேயே இருந்தது. இருவருக்கும் நன்றி.