டார்சல் வென்ட்ரிகுலர் ரிட்ஜ்: தமிழில் என்ன சொல்வது?

அன்புடையீர்,
ஊர்வனவற்றின் மூளைச் செல்களைப் பற்றிய பாடநூல் இயல் ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் மொழிபெயர்த்துக் கொடுத்தாக வேண்டும். பெருமூளைப் புறணியில் மூன்றே அடுக்குகள் உண்டு என்பதையும், நடு அடுக்கில் நியூரான்களின் உடல்கள் நெருக்கியடித்துக் கிடக்க, அதன் மேலும் கீழும் பெரும்பாலும் இழைகளே ஓடுகின்றன என்பதையும் இடறாமல் எழுதிவிட்டேன். இடறுவது டார்சல் வென்ட்ரிகுலர் ரிட்ஜ். பக்கச் சுவரிலிருந்து மூளையறைக்குள் (மூளைக்குள் நீர்மம் நிறைந்திருக்கும் வெற்றிடம்) துருத்தி நிற்கும் அப்பகுதியில் செல்கள் பெரும்பாலும் அடுக்காக அமையாமல் கொத்துக் கொத்தாக இருக்கின்றன. டார்சல் என்றால் முதுகுப்புறம் என்பதால் ‘முதுகுப்புற மூளையறை வரப்பு’ என்று எழுதினேன். மூளைக்கு ஏது முதுகு என்று மாணவர் கேட்பாரே!

மறுமடல்:
ஐயா, முதுகு உறுத்தினால், அதே பொருளுடைய ‘வெரிந்’ என்னும் பழஞ்சொல் இருக்கிறது. நகர ஒற்றில் (ந்) முடியும் சொற்கள் தமிழில் இரண்டே: பொருந், வெரிந். இதற்கென்றே தொல்காப்பியர் புள்ளிமயங்கியலில் விதி வகுத்து, இறுதி ஒற்றுக் கெட்டபின் மெல்லெழுத்தும் வரலாம், வல்லெழுத்தும் மிகலாம் என்கிறார். வெரிங்குறை, வெரிக்குறை என்பன உரைகள் காட்டும் சான்றுகள். ஆகவே வெரிம்புடைப்பு, வெரிப்புடைப்பு இரண்டும் இலக்கணப்படி சரியே. எதைக் கொள்வது என்பதை மட்டும் நாம் முடிவு செய்தால் போதும்.

மறுமடல்:
அதை விளக்கவே எனக்கு ஒரு பாடவேளை போய்விடும், ஐயா. ஆனால் புடைப்பு என்ற பகுதியை ஏற்கிறேன். வரப்பு இரு வயல்களைப் பிரிப்பது. இது எதையும் பிரிக்கவில்லை. பல்லியின் மூளையைக் குறுக்கே சீவி நிறமேற்றிப் பாருங்கள்: மூளையறை வளைந்த வெள்ளைக் கீற்றாகத் தெரியும், அதை உள்நோக்கி நெருக்கியபடி ஊதா நிறத்தில் இது திரண்டிருக்கும். நான்கு காலில் நடக்கும் விலங்குக்கு முதுகுப்புறம் மேற்புறம்தானே? ‘மேல்’ போதும்.

மறுமடல்:
பார்வை, செவிப்புலன் செய்திகள், அவற்றை இடைநின்று கடத்தும் மூளைப்பகுதியான தலாமஸ் வழியே இங்கு வந்து சேர்வதால் ‘புலன்மேடு’ என்று ஒருவர் எனக்குத் தனிமடலில் எழுதியிருந்தார். அழகான சொல், ஆனால் ஆபத்தானது. பறவை மூளையில் இதற்கு இணையான பகுதியை அடித்தள முடிச்சுகளின் (பெருமூளையின் ஆழத்தில் இருந்து அசைவுகளை நெறிப்படுத்தும் செல்தொகுதிகள்) நீட்சி என்று தவறாகக் கருதி, அப்பொருளிலேயே பெயரும் வைத்து, பிறகு 2004-இல் அப்பெயர்களைத் திருத்தி வெளியிட நேர்ந்தது. இருக்குமிடத்தை மட்டும் சொல்லும் பெயரே பிழைக்கும்.

மறுமடல்:
நன்றி. ‘மேல் மூளையறைப் புடைப்பு’ என்றால் ‘மேல்’ என்னும் அடை அறைக்குப் போய்விடுகிறது. எனவே ‘மூளையறை மேற்புடைப்பு’ என்று இட்டு இயலை அனுப்பிவிட்டேன். நால்வர் ஒப்பினர்; மற்றவர்கள் களைத்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

மறுமடல்:
நான் ஒப்பவில்லை. அடுத்த இயலில் மனிதனின் தண்டுவடம் வருமல்லவா? நிமிர்ந்து நிற்கும் உடலில் அதே டார்சல் பின்புறமாகிவிடும். அங்கும் ‘மேல்’ என்றே எழுதுவீர்களா? வெரிந் இரண்டு இடத்துக்கும் பொருந்தும்.