புதுப்பிப்பு: துருவ நட்சத்திரம் தெரியாமலே ஸ்டார் டிராக்கரைச் சரிசெய்தாச்சு

ஜவ்வாது மலையில் துருவ நட்சத்திரம் மரங்களுக்குப் பின்னால் மறைகிறது, டிராக்கரின் (வானம் சுழலும் வேகத்தில் கேமராவைத் திருப்பும் கருவி) அச்சை வான வடதுருவத்தை நோக்கி எப்படித் திருப்புவது என்று போன முறை கேட்டிருந்தேன். அங்கே அட்சரேகை சுமார் 12.5 டிகிரி, துருவ நட்சத்திரம் தொடுவானிலிருந்து ஏறக்குறைய அவ்வளவு உயரத்தில்தான் நிற்கும். ஒரு தோப்பு போதும் மறைக்க.

நண்பர்கள் சொன்ன டிரிஃப்ட் முறைதான் (ஒரு நட்சத்திரம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்து அச்சைச் சரிசெய்வது) கைகொடுத்தது. போன் திசைகாட்டியை வைத்து வடக்கு, வெட்ஜில் (டிராக்கரைச் சாய்த்து வைக்கும் அடித்தளம்) 12.5 டிகிரி. பிறகு ஓரியன் பட்டையின் மின்டாகா. வான நடுக்கோட்டை (பூமியின் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் உள்ள கோடு) ஒட்டியே இருப்பதால் இதற்கென்றே அமைந்த நட்சத்திரம். அது உச்சிக்கோட்டருகே (தலைக்கு மேல் வடக்கு தெற்காகச் செல்லும் கோடு) வரும்போது கேமரா திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். நட்சத்திரம் தெற்கே நகர்ந்தால் அச்சு கிழக்கே சாய்ந்திருக்கிறது, வடக்கே நகர்ந்தால் மேற்கே. உயரத்தைச் சரிபார்க்கக் கிழக்கில் தாழ்வாக உள்ள நட்சத்திரம்: தெற்கே போனால் அச்சு தாழ்வு, வடக்கே போனால் உயரம். திருகை மயிரிழை திருப்பினாலே போதும், பொறுமைதான் வேண்டும்.

135 மி.மீ. லென்ஸில் டிராக்கர் இல்லாமல் 3 விநாடியைத் தாண்டினாலே கோடு விழும். இப்போது 90 விநாடியிலும் ஓரம்வரை புள்ளி புள்ளியாக நிற்கிறது. ஓரியன் நெபுலாவின் சிறகுகள் ஒரே ஃபிரேமில் தெரிகின்றன! அடுத்து 2 நிமிடம் முயலப் போகிறேன். காற்றடிக்கும் இரவுகளில் டிரைபாட் கால்களை நீட்டாமல் வையுங்கள்.