கெனன் 200டி கமராவுக்கு 50 மிமீ லென்ஸா, 85 மிமீ லென்ஸா?

கல்லடி:
வீட்டு மண்டபத்திலும் வாவிக்கரையிலும் ஆட்களைப் படமெடுக்க வேணும். எஃப் 1.8 (லென்ஸ் ஆகக்கூடத் திறக்கிற அளவு) லென்ஸில 50 மிமீ எஸ்டிஎம் வாங்கவா, 85 மிமீ யூஎஸ்எம் வாங்கவா (இரண்டும் போக்கஸ் மோட்டர் வகை)?

கல்முனை:
தம்பி, முதலில 50ஐ எடுங்க. உங்கட கமராவின்ட சென்சார் (படம் பதியிற தகடு) முழு அளவு சென்சாரை விட 1.6 மடங்கு சின்னது. அதில 50 மிமீ, முழு அளவு கமராவில 80 மிமீ போலவும் 85 மிமீ, 136 மிமீ போலவும் ஆளைக் கிட்டவாக் காட்டும். ஆளை முழுசா நெட்டுவாக்கில எடுக்க 85க்கு ஏழு மீட்டருக்கு மேல பின்னால போகணும். மண்டபத்தில சுவர் தடுக்கும். 50க்கு நாலரை மீட்டர் போதும்.

அக்கரைப்பற்று:
வெளியில மட்டும் எண்டால் 85தான் அழகு, பின்னணி நல்லாக் கரையும். ஆனா 1.8இல இரண்டு மீட்டர் தூரத்தில கூர்மையா விழுகிற ஆழம் கிட்டத்தட்ட நாலு சென்டிமீட்டர்தான். மூக்கில போக்கஸ் விழுந்தால் கண் மங்கும். ஒற்றைப் போக்கஸ் புள்ளியைக் கிட்ட இருக்கிற கண்ணில வையுங்க, லென்ஸ் திறப்பை 2.8க்குச் சுருக்குங்க. வெள்ளை உடுப்பின் விளிம்பில வரும் ஊதா நிறமும் அப்ப குறையும்.

கல்முனை:
உச்சி வெயிலில ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, திறப்பு 1.8 எண்டால் 1/8000 செக்கன் ஷட்டர் வேகம் கேட்கும். 200டியில 1/4000தான் உச்சம், படம் வெளிறும். நிழலுக்குள்ள நிற்பாட்டுங்க, இல்லாட்டி வெளிச்சத்தைக் குறைக்கிற என்டி8 பில்டர் போடுங்க. பில்டர் அளவு 50க்கு 49 மிமீ, 85க்கு 58 மிமீ.

அக்கரைப்பற்று:
வாவிக் காற்றில ஈரம் கூட. காற்றுப்புகாத பெட்டியில சிலிக்கா ஜெல்லோட வையுங்க, இல்லாட்டிக் கண்ணாடியில பூஞ்சணம் பிடிக்கும்.