கம்போ கேஜன்களின் உணவா?

தெற்குவாசல் கேட்டது:

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் லஃபாயெட் பக்கம் எந்த உணவகத்துக்குப் போனாலும், சோற்றில் ஊற்றி உண்ணும் கெட்டிக் குழம்பான கம்போவை "கேஜன் கம்போ" என்றுதான் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் கேஜன்களின் முன்னோர், இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியாப் பகுதியிலிருந்து ஆங்கிலேயரால் வெளியேற்றப்பட்ட பிரெஞ்சுக் குடியானவர்கள் என்று படித்திருக்கிறேன். அந்தக் குளிர்நாட்டில் வெண்டைக்காயும் இல்லை, நெல்லும் இல்லை. அப்படியிருக்க, இந்த உணவு அவர்களுடையதாக எப்படி ஆனது? அவர்கள் கொண்டுவந்தது எது, வந்த இடத்தில் கற்றுக்கொண்டது எது என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

நெய்தல் எழுதியது:

உங்கள் ஐயம் நியாயமானது. காலவரிசையைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். 1764-இல் நியூ ஆர்லியன்ஸில் நடந்த ஒரு விசாரணையின் பதிவில், கோம்பா என்னும் அடிமைப் பெண்ணிடம், தப்பியோடிய ஓர் அடிமைக்குக் கம்போ கொடுத்தாயா என்று அதிகாரிகள் கேட்டது எழுதப்பட்டுள்ளது. கேஜன்களின் முன்னோரான அகாடியர்களில் முதல் சில குடும்பங்கள் லூசியானாவில் கால் வைத்ததும் அதே ஆண்டில்தான். ஜோசப் புரூசார் தலைமையில் ஏறத்தாழ இருநூறு பேர் கொண்ட பெரிய கூட்டம் வந்தது 1765 பிப்ரவரியில். ஆகவே, அவர்கள் வந்து இறங்கியபோது கம்போ அங்கே அன்றாடப் பேச்சில் புழங்கும் உணவாக இருந்தது என்பதில் ஐயமில்லை.

அதை அடுப்பில் ஏற்றியவர்கள் ஆப்பிரிக்கப் பெண்கள். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் லூசியானாவுக்குக் கொண்டுவரப்பட்ட அடிமைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர், செனகல், காம்பியா ஆறுகளை ஒட்டிய நாடுகளைச் சேர்ந்தவர்கள். அவை தலைமுறை தலைமுறையாக நெல் விளைந்த பூமி. 1719-இல் வந்த முதல் அடிமைக் கப்பல்களின் தலைவர்களுக்கு, நெல் சாகுபடி தெரிந்தவர்களையும் விதைநெல்லையும் சேர்த்தே வாங்கி வருமாறு கட்டளையிடப்பட்டிருந்தது. வெண்டைக்காயும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததே. மீனோடு அதைக் குழையவிட்டுச் சோற்றில் ஊற்றி உண்ணும் வழக்கம் செனகலில் இன்றும் இருக்கிறது. "கம்போ" என்பதே மத்திய ஆப்பிரிக்க மொழிகளில் வெண்டைக்காயின் பெயர் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. குழம்பைக் கெட்டியாக்கும் இன்னொரு பொருளான ஃபிலே, சாசஃப்ராஸ் மரத்தின் காய்ந்த இலையை இடித்த பொடி. அது சாக்டா பழங்குடியினரின் கொடை. சாக்டா பெண்கள் அதை நியூ ஆர்லியன்ஸ் சந்தையில் கொண்டுவந்து விற்றார்கள்.

உப்புக்கல் எழுதியது:

நெய்தல் தந்த காலவரிசை சரியே. ஆனால் அகாடியர்களைக் கற்றுக்கொண்டவர்களாக மட்டும் நிறுத்திவிடுவது அவர்களுக்குச் செய்யும் குறை.

1604 முதல், நோவா ஸ்கோஷியாப் பகுதியின் பழைய பெயரான அகாடியாவில் குடியேறிய இவர்கள், கடல்நீர் ஏறும் சதுப்பு நிலத்தைக் கரைகட்டி வடித்துக் கோதுமை விளைவித்தவர்கள். 1713-இல் அந்த நிலம் பிரிட்டன் வசமானது. நிபந்தனையின்றி விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்ததனால், 1755-இல் வெளியேற்றம் தொடங்கியது. செப்டம்பர் 5 அன்று கிராண்ட் பிரே ஊரின் தேவாலயத்துக்கு நானூறுக்கும் மேற்பட்ட ஆண்களையும் சிறுவர்களையும் வரவழைத்து, நிலமும் கால்நடையும் அரசுக்கு உரியவை என்று அறிவித்துச் சிறைவைத்தார்கள். பல குடும்பங்கள் வெவ்வேறு கப்பல்களில் பிரிந்துபோயின. சிதறியவர்களில் ஒரு பகுதியினரே லூசியானாவை அடைந்தார்கள். 1785-இல் மட்டும் பிரான்சிலிருந்து ஏழு கப்பல்களில் ஏறத்தாழ 1,600 பேர் வந்தார்கள். பெரும்பாலோர் நகரத்தில் தங்காமல், மிசிசிப்பிக் கரையிலும் டெஷ் ஓடையின் கரையிலும் மேற்குப் புல்வெளிகளிலும் மாடு வளர்த்துப் பிழைத்தார்கள். கோதுமை சரியாக விளையாத ஊரில் சோளத்துக்கும் அரிசிக்கும் பழகினார்கள். ஒரே சட்டியில் எல்லாவற்றையும் போட்டு நெடுநேரம் கொதிக்கவிடும் பழக்கம் அகாடியாவிலிருந்தே அவர்களிடம் இருந்ததால், கம்போ அவர்களுக்கு அந்நியமாகத் தோன்றியிருக்காது.

அவர்களின் கைவண்ணம் ரூ என்னும் மாவு வறுவலில் தெரிகிறது. 1824-இல் அமெரிக்காவில் அச்சான ஒரு கம்போச் செய்முறையில், வெண்டைக்காயை வேகவைத்து வெண்ணெய் சேர்ப்பதற்கு மேல் எதுவும் இல்லை. ரூ பற்றிய பேச்சே கிடையாது. பிரெஞ்சுச் சமையலில் ரூ வெள்ளை, பொன், பழுப்பு நிறங்களோடு நின்றுவிடும். கேஜன் வீடுகளிலோ, கனத்த இரும்புச் சட்டியில் எண்ணெயும் மாவும் சம அளவு போட்டு, முக்கால் மணி நேரம் கை ஓயாமல் கிளறுவார்கள். மணல் நிறம் செங்கல் நிறமாகி, பிறகு சாக்லேட் நிறத்துக்கு வரும். கரும்புள்ளி ஒன்று தெரிந்தாலும் கீழே கொட்டிவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான். பக்குவம் வந்ததும் வெங்காயம், செலரி, குடைமிளகாய் மூன்றையும் கொட்டினால் சூடு தணிந்து, மாவு மேலும் கருகாமல் நிற்கும். மாவு கருக்கக் கருக்க அதன் கெட்டிப்படுத்தும் திறன் குறையும். எனவே கோழியும் புகையூட்டிய தொத்திறைச்சியும் போட்ட கேஜன் கம்போ, நிறத்தில் கறுத்தும் பதத்தில் நீர்த்தும் இருக்கும். தக்காளி சேர்த்தால் முகம் சுளிப்பார்கள். நியூ ஆர்லியன்ஸின் கிரியோல் வீடுகள் சிலவற்றில் (பிரெஞ்சு, ஸ்பானிய, ஆப்பிரிக்க வழிவந்த உள்ளூர் மக்களின் வீடுகளில்) அது வழக்கம்தான்.

கூகை எழுதியது:

உணவகப் பலகையில் "கேஜன்" என்று எழுதுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள்; அது மிகப் பிந்திய கதை. 1921-ஆம் ஆண்டின் மாநில அரசியலமைப்பு, பள்ளிகளில் ஆங்கிலத்தில் மட்டுமே கற்பிக்க வேண்டும் என்று விதித்தது. பிரெஞ்சு பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டார்கள். "கேஜன்" என்பது அப்போது ஏளனச் சொல். 1968-இல் பிரெஞ்சு மொழியை வளர்க்க அரசே ஓர் அமைப்பை நிறுவியது. 1971-இல் 22 மாவட்டங்கள் அடங்கிய பகுதிக்கு "அகாடியானா" என்று சட்டமன்றம் பெயரிட்டது. 1979-இல் பால் புருதோம் என்ற கேஜன் சமையல்காரர் நியூ ஆர்லியன்ஸில் உணவகம் திறந்து நாடெங்கும் புகழ் பெற்றார். அதன்பின் "கேஜன்" விற்பனைச் சொல்லாகி, லூசியானாவின் எல்லா உணவுக்கும் ஒட்டப்பட்டது. அதே ஊர்களில் அதே கம்போவைச் சமைத்துவந்த கறுப்பினக் கிரியோல் மக்களின் பெயர் அந்தப் பலகையில் இடம்பெறவில்லை. எனக்கு இதில்தான் ஆட்சேபம். கேஜன்கள் கம்போ சமைப்பதில் இல்லை.

தெற்குவாசல் எழுதியது:

மூவருக்கும் நன்றி. வெண்டைக்காயையும் ஃபிலேயையும் சேர்த்தே போடுவார்களா?

நெய்தல் எழுதியது:

பழைய வழக்கப்படி ஏதேனும் ஒன்றுதான். வெண்டைக்காய் கோடையில் காய்ப்பது. காய்ந்த பொடியாகிய ஃபிலே, வெண்டைக்காய் கிடைக்காத குளிர்காலத்துக்கு உதவியது. ஃபிலேயைச் சட்டியை இறக்கிய பிறகோ தட்டிலோதான் தூவ வேண்டும். போட்டபின் கொதிக்கவிட்டால் குழம்பு நூல்நூலாக இழுக்கும்.