ஞாயிறு யார் ஓடுவது?

“தாத்தா வீடு” குழு
வெள்ளி, பிற்பகல் 3:12

செந்தில்: கால் பிசகிவிட்டது. மாடிப்படி. நல்ல வீக்கம். டாக்டர் பத்து நாள் ஓடவே கூடாது என்கிறார்

நிலா: அண்ணா!!! ஞாயிறு டிரையத்லான் போட்டி!!!

கலா அத்தை: எந்தக் கால்

செந்தில்: இடது

துபாய் பிரபு: படியில் போன் பார்த்துக்கொண்டே இறங்கினாயா

செந்தில்: இல்லை

சுந்தரம் பெரியப்பா: பார்த்தான்.

மணி மாமா: அப்போ நம் அணி அவ்வளவுதானா? புது டயர் போட்டேனே

சுந்தரம் பெரியப்பா: அனைவருக்கும். பதற வேண்டாம். நடத்துகிறவர்கள் அனுப்பிய 14 பக்க விதிகளை நேற்றே அச்செடுத்துப் படித்துவிட்டேன். ரிலே அணியில் ஆள் மாற்ற இன்று மாலை 6 மணி வரை நேரம் இருக்கிறது. புது ஆளின் பெயர், வயது, ஆதார் நகல் போதும். நிலா 750 மீட்டர் நீந்துகிறாள். மணி மாப்பிள்ளை 20 கி.மீ. சைக்கிள். மூன்றாவது ஆள் 5 கி.மீ. ஓட வேண்டும். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்ததுதான் டிரையத்லான், அதில் இந்தத் தூரத்துக்கு ஸ்பிரிண்ட் என்று பெயர். 2000-ம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் சேர்த்தது இதன் இரண்டு மடங்கு தூரம். 1978-ல் ஹவாயில் தொடங்கிய அயர்ன்மேன் போட்டியில் கடல் மட்டும் 3.8 கி.மீ., சைக்கிள் 180, அதற்கு மேல் ஒரு முழு மாரத்தான்

துபாய் பிரபு: மாமா, ஓடுவது யார்?

சுந்தரம் பெரியப்பா: அதற்குத்தான் வருகிறேன்.

கலா அத்தை: விளக்கெண்ணெய் தடவினாயா செந்தில்

ரவி: நடக்கலாமா? ஓடித்தான் ஆக வேண்டுமா?

சுந்தரம் பெரியப்பா: நல்ல கேள்வி. ஓடலாம், நடக்கலாம். தவழக் கூடாது.

நிலா: பெரியப்பா சும்மா சொல்லாதீங்க

சுந்தரம் பெரியப்பா: உண்மை. உலக டிரையத்லான் அமைப்பின் விதியே அதுதான்.

ரவி: அப்போ எனக்கு ஒரு வாய்ப்பு இருக்கு

விஜி: சுகர் 240. பேசாமல் இருங்கள்

ரவி: ம்

மாலை 4:05

சுந்தரம் பெரியப்பா: ஆள் யாராக இருந்தாலும் எல்லாரும் பாதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். கோவளம் கடற்கரையில் நீச்சல். மஞ்சள் மிதவைகளை இடது பக்கமாக வைத்துச் சுற்றி வர வேண்டும், உள்பக்கமாகக் குறுக்கே போனால் கணக்கில் சேராது. அவர்கள் கொடுக்கும் தொப்பியைத்தான் போட வேண்டும், கடலில் தலையை அடையாளம் காண அதுதான் வழி. நிலா, இந்த மாதம் நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே போகும், மீனவர்கள் தெண்டி என்பார்கள். மிதவையையே குறி வைத்தால் வடக்கே தள்ளிவிடும். கொஞ்சம் தெற்கே பார்த்து நீந்து. பத்துப் பதினைந்து கைவீச்சுக்கு ஒருமுறை தலையைத் தூக்கிப் பார். மூச்சு வாங்கினால் கையை உயர்த்து, படகைப் பிடித்துக்கொள்ளலாம். பிடித்துக்கொண்டு இளைப்பாறலாமே தவிர, படகு உன்னை முன்னால் இழுத்துப் போகக் கூடாது.

நிலா: கோச்சும் இதையேதான் சொன்னார்

கலா அத்தை: படகு இருக்கா? அப்பாடா. பாட்டி காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்

மணி மாமா: எனக்கு என்ன விதி மச்சான். சுருக்கமாக

சுந்தரம் பெரியப்பா: சுருக்கமாகச் சொல்கிறேன். நிலா கடலிலிருந்து ஓடி வந்து நேரம் கணக்கிடும் கணுக்கால் சிப் பட்டையை உங்களிடம் கொடுப்பாள். அதைக் கட்டாமல் சைக்கிளைத் தொடக் கூடாது. ஹெல்மெட்டைப் போட்டு, தாடைப் பட்டையை ‘கிளிக்’ என்று மாட்டிய பிறகுதான் நிறுத்துமிடக் கம்பியிலிருந்து சைக்கிளை எடுக்க வேண்டும். திரும்பி வந்து சைக்கிளைக் கம்பியில் மாட்டிய பிறகுதான் தாடைப் பட்டையை அவிழ்க்கலாம். நீங்கள் ஹெல்மெட்டை ஹேண்டில்பாரில் தொங்கவிட்டுக்கொண்டு போகிற ஆள், அதனால் சொல்கிறேன். நிறுத்துமிடத்துக்குள் ஏறி ஓட்டக் கூடாது, தள்ளிக்கொண்டு போய்க் கோட்டைத் தாண்டி ஏற வேண்டும். வரும்போது கோட்டுக்கு முன்பே இறங்கிவிட வேண்டும். இடது ஓரமாகப் போங்கள், தாண்டுவது வலது பக்கம். போட்டி எண் முதுகுப் பக்கம். ஓடுகிறவருக்கு முன்பக்கம். இயர்போன் கூடாது.

மணி மாமா: பாட்டு இல்லாமல் 20 கி.மீ.யா

கலா அத்தை: வீட்டில் இருபது வருஷம் நீங்கள் பேசாமலே ஓட்டவில்லையா

துபாய் பிரபு: அம்மா 🙏

சுந்தரம் பெரியப்பா: முக்கியமானது டிராஃப்டிங். முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்வார், பின்னால் ஒட்டிப் போகிறவருக்கு உழைப்பு மிச்சம். அதனால் இந்தப் போட்டியில் தடை. அவர் முன் சக்கரத்துக்கும் உங்கள் முன் சக்கரத்துக்கும் 10 மீட்டர் இடைவெளி. அதற்குள் நுழைந்தால் 20 விநாடியில் தாண்டிவிட வேண்டும். யாராவது உங்களைத் தாண்டினால் பின்வாங்க வேண்டியது நீங்கள்தான்.

மணி மாமா: இந்த வீட்டில் அது எனக்குப் பழக்கம்தான்

கலா அத்தை: என்ன சொல்கிறீர்கள்

மணி மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

நிலா: நான் படித்துவிட்டேன் மாமா

சுந்தரம் பெரியப்பா: நாளை மாலை சைக்கிள் சோதனை. இரண்டு பிரேக்கும் பிடிக்க வேண்டும். ஹேண்டில்பார் முனைகள் அடைத்திருக்க வேண்டும், திறந்த குழாய் விழும்போது உடம்பில் குத்திவிடும். மாப்பிள்ளை, உங்கள் சைக்கிளில் வலது முனை மூடி இல்லை. பார்த்தேன்.

துபாய் பிரபு: அப்பா, ஒயின் பாட்டில் கார்க் சரியாகப் பொருந்தும். இங்கே எல்லாரும் அதைத்தான் வைக்கிறார்கள்

மணி மாமா: ஆமாம், பீரோவில் ஒன்று இருக்கு

கலா அத்தை: பீரோவில் கார்க் எப்படி வந்தது

மணி மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கலா அத்தை: நீக்கினால் போச்சா. வீட்டுக்கு வாருங்கள்

மாலை 4:40

விஜி: சைக்கிள் எதுவரை மாமா?

சுந்தரம் பெரியப்பா: கோவளத்திலிருந்து ஈசிஆரில் தெற்கே. திருவிடந்தை, வடநெம்மேலி முதலைப் பண்ணை, நெம்மேலி, பட்டிபுலம் வாக்கில் யூ டர்ன். சாலையில் ஒரு பக்கம்தான் நமக்கு, அடுத்த பக்கம் பஸ் ஓடும்.

கலா அத்தை: திருவிடந்தை வழியா! நித்ய கல்யாணப் பெருமாள்! செந்திலுக்காக ஒரு மாலை சாத்திவிட்டு வரட்டுமே. வயது 31

செந்தில்: அத்தை கால்தான் பிசகியிருக்கு

சுந்தரம் பெரியப்பா: பாதையை விட்டு விலகினால் தகுதி நீக்கம். மேலும் அந்தக் கோயிலில் மாலையோடு ஒன்பது முறை சுற்ற வேண்டியது கல்யாணம் ஆக வேண்டியவன்தான். மாப்பிள்ளைக்கு ஆகிவிட்டது.

துபாய் பிரபு: ஆகிவிட்டது 😂

மணி மாமா: நெம்மேலியில் அரை நிமிடம் நின்று நம் மனையைப் பார்த்துக்கொள்ளவா

கலா அத்தை: நம் மனை இல்லை. விற்ற மனை

ரவி: இப்போது பக்கத்திலேயே கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை

கலா அத்தை: 2013-ல் ஆலை வந்தது. அதற்கு முந்தின வருஷம் வரை கையில் இருந்தது. யார் விற்கச் சொன்னது என்று நான் சொல்லப் போவதில்லை

சுந்தரம் பெரியப்பா: அப்பாவின் ஆபரேஷனுக்கு விற்றது கலா. அதை ஐம்பது தடவை பேசியாகிவிட்டது.

கலா அத்தை: நான் ஒன்றும் சொல்லவில்லையே அண்ணா

விஜி: பாட்டி பக்கத்தில் இருக்கிறார், சத்தமாகப் படித்துக்காட்டிக்கொண்டிருக்கிறேன். விட்டுவிடுங்கள்

மாலை 5:15

கலா அத்தை: சரி, யூ டர்னில் நான் நின்று இவருக்கு மோர் கொடுக்கிறேன்

சுந்தரம் பெரியப்பா: கூடாது. வெளி ஆள் உதவி தடை. அவர்கள் வைத்திருக்கும் தண்ணீர் மேசையில் மட்டும். கண்ணாடி பாட்டிலும் கூடாது.

மணி மாமா: வாழைப்பழம் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறேன். தோல்?

சுந்தரம் பெரியப்பா: குப்பை போடும் இடத்தைத் தவிர வேறெங்கு போட்டாலும் அபராத நேரம். கோவளம் சுத்தத்துக்காக நீலக் கொடிச் சான்று வாங்கிய கடற்கரை.

துபாய் பிரபு: 5:20 ஆகிவிட்டது மாமா. ஆள்?

நிலா: அம்மா ஓடுவாங்க

விஜி: நிலா

கலா அத்தை: யார், விஜியா?

நிலா: தினமும் ஐந்தரை மணிக்கு பார்க்கில் வாக்கிங் என்று சொல்லிவிட்டு ஓடிக்கொண்டுதான் இருக்காங்க. காலேஜில் 1500 மீட்டர். சான்றிதழ் எல்லாம் பரணில் இருக்கு

கலா அத்தை: எங்களுக்கு யாரும் சொல்லவே இல்லையே

விஜி: யாரும் கேட்கவில்லை அண்ணி

ரவி: எனக்குத் தெரியும்

விஜி: உங்களுக்கும் போன மாதம்தான் தெரியும்

செந்தில்: சித்தி சூப்பர்!! என் எண் பெல்ட் தருகிறேன்

கலா அத்தை: ஓடுவது சரி. என்ன உடையில்?

விஜி: சுடிதார்

கலா அத்தை: விதியில் இருக்கா

சுந்தரம் பெரியப்பா: பார்க்கிறேன்.

சுந்தரம் பெரியப்பா: மேலுடம்பு மூடியிருக்க வேண்டும், அவ்வளவே. சுடிதார் கூடாது என்று எங்கும் இல்லை. துப்பட்டா பற்றியும் ஒன்றும் இல்லை.

நிலா: துப்பட்டா வேண்டாம்மா ப்ளீஸ்

விஜி: நான் இன்னும் சரி சொல்லவில்லை. பாட்டியைக் காலையில் யார் பார்ப்பது

கலா அத்தை: நான் கோவளம் வருகிறேனே

விஜி: அதைத்தான் சொல்கிறேன் அண்ணி

செந்தில்: நான் வீட்டில்தானே இருப்பேன். பாட்டியும் நானும் நொண்டிக்கொண்டு சமாளித்துவிடுகிறோம்

மாலை 6:01

சுந்தரம் பெரியப்பா: அனுப்பிவிட்டேன். மூன்றாவது ஆள் என்ற இடத்தில் ‘விஜி அல்லது ரவி’ என்று போட்டிருக்கிறேன். இருவர் ஆதாரும் இணைத்திருக்கிறேன்.

துபாய் பிரபு: அப்படிப் போடலாமா மாமா

சுந்தரம் பெரியப்பா: போடக் கூடாது என்று 14 பக்கத்தில் எங்கும் இல்லை.

ரவி: 👍

விஜி: நீங்கள் ஏன் கட்டை விரல் போடுகிறீர்கள்

மணி மாமா: ஞாயிறு விடிகாலை நாலரைக்குக் கிளம்பணும். ரவி காரில் சைக்கிள் ஏற்ற மாட்டேன், போன தடவை கீறலுக்கு ஆறு மாதம் பேச்சு வாங்கினேன்

ரவி: கீறல் முன்பே இருந்தது என்று நான்தான் சொன்னேன்

விஜி: முன்பு இல்லை

நிலா: அம்மா, எட்டரைக்குக் கடை மூடிவிடுவார்கள். ஷூ வாங்கப் போகலாமா வேண்டாமா?

சுந்தரம் பெரியப்பா: புது ஷூ போட்டுக்கொண்டு போட்டியில் ஓடக் கூடாது. இது விதி இல்லை, அனுபவம்.

கலா அத்தை: அண்ணா எப்போது ஓடினார்

கலா அத்தை: சரி, சாப்பாட்டுக்குப் புளியோதரையா தயிர் சாதமா? யாராவது ஒன்று சொல்லுங்கள்

ரவி: இரண்டும்